கடைசி ஆளுக்கு என்ன பதில்?

ஏற்காட்டு மலையில் காபி பூப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டு கட்டிய செடி வெயிலில் அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு நல்ல மழை வேண்டும். அந்தப் பூ மழை பெய்து எட்டு, பத்து நாளில் மாரமங்கலம் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் வெள்ளையாகிவிடும். கிட்டத்தட்ட மல்லிகை வாசனை. எல்லாம் இரண்டு மூன்று நாள்தான். அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். மழையே வராவிட்டால்? மொட்டு மலராமலே வீணாகிப் போகும்.

இந்தப் பூவை ஒருவர் கலர் ஸ்லைடு ஃபிலிமில் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறு படம். முடிந்ததும் சுருளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். இப்போது அவர் பையில் இருப்பது படமா, இல்லையா?

விளையாட்டுக் கேள்வி இல்லை. ஃபிலிமில் பூசியிருக்கும் வெள்ளி உப்பில் ஒளி பட்ட இடத்தில் ஒரு மிகச் சின்ன மாற்றம் நடந்திருக்கிறது. அவ்வளவுதான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. யாராவது அதை மருந்தில் போட்டுக் கழுவினால்தான் பூ வரும். அதுவரை அதுவும் மழைக்குக் காத்திருக்கிற மொட்டுதான்.

ஸ்லைடு என்றதும் தியேட்டரில் இடைவேளையில் காட்டும் 'புகை பிடிக்காதீர்கள்' ஞாபகம் வரலாம். ஏறக்குறைய அதே ஜாதிதான். சாதாரணக் கலர் ஃபிலிமில் முதலில் நெகடிவ் வரும். அதில் இருந்து பிரிண்ட் போடுவார்கள். எடுக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பிரிண்ட் போடுகிறவர் சரிக்கட்டிவிடுவார். ஸ்லைடில் அந்தச் சலுகை கிடையாது. கேமராவுக்குள் இருந்த அதே ஃபிலிம்தான் கடைசியில் படம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நிறங்கள் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும். டிஜிட்டல் வருவதற்கு முன் பத்திரிகை அட்டைக்கும் காலண்டருக்கும் கேட்டு வாங்கியது இதைத்தான். 'டிரான்ஸ்பரன்ஸி இருக்கா?' என்பார்கள்.

சரி, நம் ஆள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு வருகிறார். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்து, தமிழ் சினிமாவுக்கு முதல் முழுநீள வண்ணப் படத்தைக் கொடுத்த இடம். இன்று வளைவுதான் மிச்சம். அதைத் தாண்டி ஊருக்குள் போய் ஒரு கலர் லேபில் சுருளை நீட்டினால் கவுண்டரில் இருக்கும் பையன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "இதெல்லாம் இப்ப யாரு சார் கழுவுறா?"

அந்தப் பையனைக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால், அது ஃபிலிமோடு நிற்காமல் நம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

ஸ்லைடு கழுவும் முறைக்கு இ-6 என்று பெயர். ஆறு மருந்துத் தொட்டிகள். முக்கியமான தொட்டிகளை 38 டிகிரி செல்சியஸில் பிடித்து வைக்க வேண்டும். முதல் தொட்டியில் ஒரு டிகிரி தவறினாலே படம் காட்டிக் கொடுத்துவிடும். இன்னொரு சிக்கல்: இந்த மருந்துகள் சும்மா இருந்தால் காற்றுப் பட்டே கெட்டுப்போகும். தினமும் ஃபிலிம் வந்துகொண்டே இருக்க வேண்டும். வர வரப் புது மருந்து சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்பார்களே, அதேதான்.

இதன் அர்த்தம் என்ன தெரியுமா? நாளைக்கு நூறு சுருள் கழுவிய லேபுக்கு ஐம்பது வந்தால் லாபம் பாதியாகும், வேலை நடக்கும். ஐந்து வந்தால் மருந்தே கெட ஆரம்பிக்கும். அந்த ஐந்து பேர் இரண்டு மடங்கு காசு கொடுத்தும் பழைய தரம் கிடைக்காது. அதைப் பார்த்து அவர்களில் மூன்று பேர் விலகுவார்கள். பிறகு கடை மூடப்படும். அப்புறம் மிச்சம் இருக்கும் இரண்டு பேர்?

உலகத்தில் இந்தக் கதை முழுசாக நடந்து முடிந்த ஒரு ஃபிலிம் உண்டு. கோடாக்ரோம். மாடர்ன் தியேட்டர்ஸ் பிறந்த அதே 1935-ல் வந்தது. கண்டுபிடித்த இருவரும், லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி, தொழிலால் இசைக் கலைஞர்கள் என்பது உபரித் தகவல். மற்ற கலர் ஃபிலிம்களில் நிறம் உருவாவதற்கான பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. ஃபிலிமில் இருப்பது மூன்று கறுப்பு வெள்ளை அடுக்குகள். சயான், மெஜந்தா, மஞ்சள் சாயங்களைக் கழுவும்போது ஒவ்வொன்றாக லேப்தான் ஏற்ற வேண்டும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய ஃபிலிம் உங்களுடையது. நிறம் லேபில் இருந்தது.

2009 ஜூனில் கோடாக் நிறுவனம் இந்த ஃபிலிமை நிறுத்துவதாக அறிவித்தது. கடைசியாகத் தயாரான சுருளை ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். பச்சைக் கண் ஆப்கன் பெண்ணை இதே கோடாக்ரோமில் எடுத்தவர். அந்த முப்பத்தாறு படங்களில் சிலவற்றுக்காக அவர் இந்தியாவுக்கு வந்தார். மும்பையில் சினிமாக்காரர்கள், ராஜஸ்தானில் ரபாரி மக்கள். பிறகு சுருளைத் தானே கொண்டுபோய், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் கொடுத்தார். உலகத்திலேயே கோடாக்ரோம் கழுவும் லேப் அந்த ஊரில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ட்வெய்ன்ஸ் ஃபோட்டோ. ஒரு குடும்பம் நடத்தும் கடை.

அவர்களும் தேதி குறித்தார்கள். 2010 டிசம்பர் 30-க்குள் வந்து சேரும் சுருள்களைக் கழுவித் தருவோம். அதற்குப் பிறகு இல்லை. உலகம் முழுக்க இருந்து பார்சல்கள் குவிந்தன. ஒரு ரயில்வே ஊழியர் கழுவக் கொடுத்தது மட்டும் 1,580 சுருள்கள். கூலி 15,798 டாலர். அத்தனையிலும் ரயில் படம்! டிசம்பர் 30 தாண்டியும், வந்து சேர்ந்திருந்ததை எல்லாம் கழுவி முடித்துவிட்டுத்தான் 2011 ஜனவரியில் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

இன்று உங்கள் பரணில் பழைய கோடாக்ரோம் சுருள் ஒன்று கழுவாமல் கிடந்தால், கறுப்பு வெள்ளையாகத்தான் எடுக்க முடியும். அம்மா கட்டியிருந்த புடவை அரக்கா, பச்சையா என்று அந்த ஃபிலிமால் சொல்ல முடியாது.

யார் செய்த தப்பு இது?

லேப்காரரா? நஷ்டத்தில் எத்தனை நாள் ஓட்டுவார்? கம்பெனியா? வாங்க ஆள் இல்லாததை எப்படித் தயாரிக்கும்? டிஜிட்டல் கேமரா வாங்கிய நீங்களும் நானுமா? எடுத்த நிமிஷத்தில் படம் தெரிகிறது, கழுவக் காசு இல்லை, இதை வாங்காமல் இருந்தால்தான் முட்டாள்தனம். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை. கூட்டிப் பார்த்தால் ஒரு தொழில் செத்திருக்கிறது.

ஸ்லைடு ஃபிலிம் சிலருடைய ஆசை விஷயம்தானே, போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் இதையே கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

ஒரு மலை ஊர். காலையில் டவுனுக்கு ஒரு பஸ். ஊரில் வசதி வர வர ஆளுக்கு ஒரு பைக் வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். பஸ்ஸில் கூட்டம் குறைகிறது. ஒரு நாள் 'கலெக்‌ஷன் இல்லை' என்று டிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பைக் வாங்கியவருக்கு அது செய்திகூட இல்லை. மிளகு மூட்டையோடு ரோட்டோரம் நிற்கும் பாட்டிக்கு? அவரிடம் பைக் இல்லை. இருந்தாலும் ஓட்டத் தெரியாது. பாட்டிக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் பாட்டி ஏறுவதற்கு பஸ் இல்லை.

அரசுப் பள்ளியையும் அப்படிப் பாருங்கள். முடிந்தவர்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் முடியாதவர்களின் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அந்த எண்ணிக்கையையே காரணம் காட்டி மூடலாம்.

நாம் ஒரு இடத்தை விட்டு விலகும்போது அது நம் சொந்த விஷயம் என்று நினைக்கிறோம். முழுக்கச் சொந்த விஷயம் இல்லை. இருப்பவர்களின் பாரத்தில் நம் பங்கையும் ஏற்றிவிட்டுத்தான் போகிறோம்.

அதற்காக? தந்தி ஆபீஸ் பிழைக்க வேண்டும் என்று எல்லோரும் தந்தி அடித்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. 2013 ஜூலையில் தந்தி சேவை நிறுத்தப்பட்டபோது, கடைசி நாளில் தந்தி அனுப்பக் கூட்டம் வரிசையில் நின்றது. வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே போகாதவர்கள் ஞாபகார்த்தமாக ஒன்று அனுப்பிக்கொண்டார்கள். சாவு வீட்டுக்கு மாலை கொண்டுபோகிற மாதிரி. மாலை போடுவதில் தப்பில்லை. ஆனால் அது கடமை தீர்ந்த கணக்கில் வராது.

விலகுகிறவர்களுக்கும் மூடுகிறவர்களுக்கும் மூன்று கடன்கள் உண்டு என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, முன்கூட்டிச் சொல்வது. கோடாக்ரோம் விஷயத்தில் நான் மதிக்கிற இடம் இதுதான். தேதி சொன்னார்கள், பரண்களைத் தேட அவகாசம் கொடுத்தார்கள், வந்ததை எல்லாம் முடித்துக் கொடுத்தார்கள். 'இன்றோடு சரி' என்று ஷட்டரை இறக்குவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

இரண்டாவது, கைவேலையை யாரிடமாவது ஒப்படைப்பது. ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்து, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். இன்று அங்கே உற்பத்தி இல்லை. இருட்டறையில் கை பழகி ஃபிலிமில் மருந்து பூசியவர்கள் நம் நீலகிரியில் இருந்திருக்கிறார்கள். ஆலையை மூடும்போது இயந்திரங்களுக்கு விலை போடுவார்கள். அந்தக் கையில் இருந்த வித்தைக்கு யார் விலை போடுவது?

மூன்றாவது, மிச்சம் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிற்காமல், அவர்கள் யார் என்று கேட்பது. விலகியவர்கள் எல்லோரும் விருப்பப்பட்டு விலகினார்கள். இருப்பவர்களும் விருப்பப்பட்டுத்தான் இருக்கிறார்களா, வேறு வழி இல்லாமல் இருக்கிறார்களா? ஸ்லைடு எடுப்பவர் முதல் வகை. அவருக்குச் சொல்லிவிட்டு மூடலாம். பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டி இரண்டாம் வகை. அவருக்கு வெறும் அறிவிப்பு போதாது; மாற்று வழி கொடுத்த பிறகுதான் மூட வேண்டும். பெரிய பஸ் கட்டுப்படி ஆகவில்லையா, சின்ன வண்டி விடுங்கள். கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு வகையையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகிறார்கள். என் சண்டை அங்கேதான்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 2012-ல் கோடாக் தன் மிச்ச ஸ்லைடு ஃபிலிம்களையும் நிறுத்தியது. அந்த வரிசையில் இருந்த எக்டாக்ரோம் 2018-ல் திரும்ப வந்துவிட்டது! கோடாக்ரோம் வரவில்லை, எக்டாக்ரோம் எப்படி வந்தது? இ-6 கழுவுகிற லேப்கள் உலகத்தில் அங்கங்கே கொஞ்சம் உயிரோடு இருந்தன. பெரிய லேப்கள் கைவிட்ட பிறகு, பல இடங்களில் சின்ன ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வருகிற சுருள்களைச் சேர்த்து வைத்து, போதுமான அளவு ஆனதும் மருந்து கலக்கி, ஒரே நாளில் மொத்தமாகக் கழுவுவது. வாடிக்கையாளர் இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொள்கிறார். சிலர் மருந்துப் பொட்டலம் வாங்கி வீட்டிலேயே வெந்நீர்த் தொட்டி வைத்துக் கழுவுகிறார்கள். கொஞ்சம் பேர், கொஞ்சம் பொறுமை. அவ்வளவு இருந்தாலே ஒரு தொழில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கும்போல.

உங்கள் வீட்டில் கழுவாத சுருள் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். டப்பாவின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். சி-41 என்றால் சாதாரணக் கலர் நெகடிவ். இ-6 என்றால் ஸ்லைடு. எந்த முறையில் கழுவுவார்கள் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். ஸ்லைடை நெகடிவ் மருந்தில் போட்டால் நிறம் தாறுமாறாகிவிடும். உடனே கழுவ முடியாவிட்டால் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் காத்திருக்கலாம், ஃபிலிமும் கொஞ்ச நாள் காத்திருக்கும். லேப் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படியே இன்னொன்றும். இந்த வருஷம் நீங்கள் எதை விட்டு விலகினீர்கள்? தெருமுனை டெய்லரா, மளிகைக் கடையா, டவுன் பஸ்ஸா? விலகியதில் தப்பில்லை. அங்கே இன்னும் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.