நுரை போய்ச் சேரும் இடம்



அல்லாஹுத் தஆலா ஸூரத்துர் ரஹ்மானில் இரு கடல்களைப் பற்றிக் கூறுமிடத்து, அவற்றிலிருந்து வெளிப்படும் முத்தையும் மர்ஜானையும் தன் அருட்கொடைகளுள் எண்ணிக் காட்டுகின்றான். மர்ஜான் என்பது பவளம் என்று முஃபஸ்ஸிரீன்கள் சிலரும், சிறு முத்து என்று வேறு சிலரும் பொருள் கூறியுள்ளனர். பவளம் என்றதும் மோதிரத்துக் கல்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கடலிலே அது உயிருள்ள ஜந்துக்கள் சுண்ணாம்பினால் கட்டிக்கொள்ளும் வீடு. கடுகளவு ஜந்துக்கள் கோடிக்கணக்கில் கூடிப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டியதே பவளப் பாறை. மீன்கள் ஒண்டுவதும் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான்.

நம் பினாங்குக்கு வடக்கே, லங்காவி செல்லும் கடல் வழியில் பூலாவ் பாயார் இருக்கின்றது. அதன் பவளங்களைக் காக்க 1994ல் அரசாங்கம் அதனைக் கடல் பூங்காவாக்கியது. நம்மில் அநேகரின் பாட்டனார்கள் கப்பலேறி வந்த இராமநாதபுரம் சீமையிலும் கீழக்கரை, மண்டபம் கரைகளுக்கு எதிரே பவளத் தீவுகள் உள்ளன. அங்குள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைந்தது. வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் நெடுங்காலம் பவளக்கல் வெட்டியதாலும், கடல் நீர் உயர்ந்ததாலும், அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. இன்று கல் வெட்டத் தடை உண்டு. கரையிலிருந்து வரும் சாக்கடை நீருக்கோ இன்னும் முடிவு காணவில்லை.

அந்த நீரில் நம் பங்கு யாது? சலவைத் தூளும் பாத்திரச் சோப்புந்தான். அழுக்கையும் எண்ணெயையும் பிரிக்கும் சரக்கே அதில் முதன்மையானது. அது அளவு மீறிக் கலந்தால் மீனின் செவுளையும் பவள ஜந்துவின் மெல்லிய தோலையும் புண்ணாக்கும். சில தூள்களில் பாஸ்பேட் என்னும் உப்பும் இருக்கின்றது. அது பாசிக்கு எருவைப் போன்றது. பாசி தழைத்தால் பவளத்தின் மேல் படர்ந்து வெயிலை மறைக்கும். பாஸ்பேட் மிகுந்த நீரில் பவளம் சுண்ணாம்பு கட்டுவதும் குறைகின்றது. இதனாலேயே ஐரோப்பிய நாடுகள் 2013 முதல் வீட்டுச் சலவைத் தூளில் அதற்கு எல்லை வகுத்தன. பவளம் வெளுத்துச் சாவதற்குக் கடல் சூடேறுவதே பெருங்காரணம் என்பது மெய். எனினும், காய்ச்சலில் கிடப்பவனுக்கு நஞ்சும் ஊட்டலாமா?

“என் வீட்டு ஒரு கைப்பிடித் தூளால் கடல் கெட்டுவிடுமா?” என்று கேட்பார் உண்டு. செபராங் ஜெயாவில் எத்தனை வீடு, எத்தனை சாப்பாட்டுக் கடை! பின்சந்து லோங்காங்கில் விழும் நுரை பிறை ஆற்றுக்குப் போகும். ஆறு கடலுக்குப் போகும். பவளம் வரை போய்ச் சேராவிடினும், வழியிலுள்ள மீனும் கெராங்கும் அல்லாஹ்வின் படைப்பல்லவா?

மதரஸாவில் ஓதிய ஒரு மஸ்அலாவை நினைவுகூருவோம். சவர்க்காரம் கலந்து தன்மை மாறிய தண்ணீரால் ஒளூச் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. ஒரு வேளைத் தொழுகைக்காக நம் முகத்தில் படக்கூடாத தண்ணீரை, இரவு பகலாய் நீரிலேயே வாழ்ந்து தஸ்பீஹ் செய்யும் ஜீவன்களின் மீது நாம் கொட்டலாமா? ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்றும், மக்கள் புழங்கும் நீர்த்துறையை அசுத்தப்படுத்தாதீர் என்றும் போதித்த நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் உம்மத்து அல்லவா நாம்? தஹாரத் நம் வாசலோடு முடிவதன்று.

1970களில் ஆலைக் கழிவால் கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்புக் கெட்டபோது, அவர்களுக்காகக் குரல் கொடுத்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதனை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தி 2019ல் வஃபாத்தான எஸ்.எம். முஹம்மது இத்ரீஸ் அவர்கள் நம் தமிழ் முஸ்லிம் பெருமகனார். ஆலைக்காரரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதே கேள்வியை நம் அடுப்படியிலும் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. தூளை அள்ளிக் கொட்டாமல் அளந்து போடுங்கள். பாஸ்பேட் இல்லாத தூள் எதுவென்று கேட்டு வாங்குங்கள். கந்தூரி முடிந்ததும் தேக்சாவையும் சஹனையும் முதலில் காகிதத்தால் துடைத்து, எண்ணெயைக் குப்பையில் சேர்த்த பின் கழுவுங்கள். பாதித் தூளே போதும். கழுவிய நீரை லோங்காங்கில் விடாமல், சாக்கடைக் குழாயில் சேரும் தொட்டியில் ஊற்றுங்கள். தூள் விற்கும் கடைக்காரனே குறைத்து வாங்கச் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹ். ஒரு பொட்டலம் குறைவதால் அது குறையாது.

கெட்டது திருந்தவும் கூடும். ஹவாய்த் தீவுகளில் கனேயோஹே என்னும் விரிகுடாவில் ஊர்க் கழிவுநீர் விழுந்து, பவளத்தைப் பாசி மூடியது. 1977, 1978ல் அந்நீரை வேறு வழியில் திருப்பினர். சில ஆண்டுகளில் பாசி குறைந்து பவளம் மீண்டும் தழைக்கலாயிற்று. மனிதர் கை நிறுத்தினால் அல்லாஹ்வின் ரஹ்மத் தாமதிப்பதில்லை.

தரையிலும் கடலிலும் ஃபஸாது உண்டாக்குவோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காமல், அமானத்தைப் பேணும் நல்லடியார்களாக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.