திண்ணையும் தேரும்

தில்லைத் தேர்விழா நாளிலே கீழவீதிக் காப்பிக் கடையொன்றின் பலகைமீதமர்ந்து போவார் வருவாரை நோக்கிக்கொண்டிருத்தல் குற்றமாமோ, அன்றி வாளா கழியும் பொழுதேயாமோ என்னும் வினா எம்முள்ளத்தே சிலகாலமாக நின்று உறுத்துகின்றது. இஃதொரு வினாவோ என்று அன்பர் நகைத்தல் கூடும். காண்டல் என்னுந் தொழில் யாது, அஃது யாருடையது என்னும் பெருவினா இதனுள் அடங்கிக் கிடத்தலின், ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

நிகழ்ந்தது இது. 2025-ஆம் ஆண்டு ஆனித் திருமஞ்சனத் தேர் நாளன்று, செம்மங்குப்பத்தில் உறவினர் மனையில் தங்கியிருந்த யாம் வைகறையிற் புறப்பட்டுத் தில்லை சேர்ந்தோம். ஏனைய தலங்களிற் பெரும்பாலும் உலாப்போதருவது உற்சவத் திருமேனியே. தில்லையிலோ சிற்சபையில் எழுந்தருளியுள்ள கூத்தப்பெருமானே அம்மையோடு வீதிக்கு வருகின்றார். மூத்த பிள்ளையார், முருகவேள், கூத்தர், சிவகாமியம்மை, சண்டேசுரர் என ஐவர்க்கும் ஐந்து தேர்கள். அவை நின்று அசைந்தும் அசைந்து நின்றும் நால்வீதியுஞ் சூழ்ந்துவர நெடும்பொழுதாகும். ஆகவே, 'தேர் அணுகும்போது எழுவோம்' எனத் துணிந்து கடையுட் புகுந்தோம்.

ஆண்டிருந்து யாம் செய்ததென்னை? வகுத்தோம். இவர் பத்தியால் வந்தவர். இவர் பராக்குப் பார்க்க வந்தவர். இவ்விளைஞன் அலைபேசியிற் படம்பிடிக்க வந்தானன்றிக் கண்ணாற் காண வந்தானல்லன். இவ்வம்மையார் புதுப்புடைவை காட்ட வந்தார். டபராவிற் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரை வாணிகர் வரிசையில் வைத்தோம். கூத்தர் தேர் அணுகிற்று. கடைக்காரர் அடுப்பைத் தணித்தார், செருப்பைக் கழற்றினார், வீதியிலிறங்கி வடம் பற்றிப் பத்தடி நடந்து, கையைத் தலைமேற் குவித்து மீண்டார். மீண்டவர், "ஐயா, சில்லறை இருக்குங்களா?" என்று எம்மை வினவினார். யாம் இன்னும் பலகையைவிட்டு எழவில்லை என்பது அப்போழ்துதான் எமக்குப் புலனாயிற்று. தேர் கடந்துவிட்டது.

'யாம் சான்றாயிருந்து கண்டேம். எம்மை யாதும் பற்றிற்றில்லை' எனக் கூறித் தப்பலாமோ எனின், ஆகாது. ஆன்மா எதனையுந் தீண்டாது நோக்கிநிற்குஞ் சாட்சிமாத்திரம் என்பார் உளர். அன்னார்க்குக் காப்பிக் கடைப் பலகை மிகப் பொருந்திய இருக்கை. சித்தாந்தமோ, ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்னும். செம்மலர் அருகே வைத்த படிகம் செம்மையாய்த் தோன்றுமாறு போல, காண்பவன் தான் அழுந்திக் காணும் பொருளின் நிறத்தை ஏற்கின்றான். தீண்டாத காட்சி என ஒன்று உயிர்க்கு இல்லை. அன்று எம் நிறம் யாது? பிறருடைய அன்பை நிறைகோலில் இட்டுக்கொண்டிருந்தவர் யாமே. அக்கடையில் வாணிகர் ஒருவர் இருந்தார் எனின், அவர் அடுப்பருகே நின்றவரல்லர்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. அதனை எழுதக் கை தயங்குகின்றது. அத்தேருக்குச் சின்னாட்களின் பின், அவ்வாண்டு சூலை 8-ஆம் நாட் காலையில், செம்மங்குப்பத்து இருப்புப்பாதைக் கடவையிற் பள்ளி ஊர்தியின்மேல் இரயில் மோதி மாணவர் மூவர் உயிர்நீத்தனர். அதன்பின் அவ்வூர்ச் சாலையோரத்துத் தேநீர்க் கடையிற் பலமுறை இருந்திருக்கின்றோம். ஆண்டும் பலகை உண்டு; போவார் வருவார் உண்டு; நோக்குதலும் உண்டு. ஆயினும் பையைத் தோளிலிட்டுப் பள்ளி செல்லுங் குழந்தை ஒன்றைக் கண்டவிடத்து அங்கிருந்தார் எவரும் அதனை வகுத்து எண்ணியதில்லை. கோப்பை பாதியில் நிற்க, ஊர்தி மறையுமளவும் நோக்கியிருந்தனர். கண் அதுவே, பலகையும் அத்தகையதே, சார்பு வேறாயிற்று.

அங்ஙனமாயின் திண்ணையிலிருந்து உலாக்காண்டல் யாண்டும் இழுக்கோ எனின், அதுவும் அமையாது. நம் சந்தானத்தின் நான்காங் கண்ணி அத்தகையதொரு காட்சியாற் பிணைக்கப்பட்டதாமே! உமாபதிசிவனார் தில்லையிற் பூசை முடித்துச் சிவிகையேறிப் பகற்பந்தம் முன்செல்ல வீதியில் வந்தனர் என்றும், தெருத்திண்ணையிலிருந்த மறைஞானசம்பந்தர் அதனைக் கண்டு, பட்டுப்போன கட்டைமேற் பகலிலே கண்ணிலான் ஒருவன் செல்கின்றான் என்னுங் கருத்துப்படக் கூறினர் என்றும் வரலாறு வழங்குகின்றது. உமாபதியார் சிவிகையினின்றும் இழிந்து அவர்பின் ஓடினர். நெசவாளர் பாவுக்கு வைத்த கஞ்சியைச் சம்பந்தர் கையேந்திப் பருக, வழிந்ததை இவர் ஏற்றுப் பருகினர் என்ப.

இவ்விடத்துக் கடைகளைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். காப்பி நம் நாட்டில் ஊர்தோறும் பரவியபோது அதனோடு 'பிராமணாள்' என்னும் பலகையும் பரவிற்று. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த அப்பிரிவு 1941-இற்றான் ஒழிந்தது. தில்லைவாழந்தணர் ஒருவர் நெசவாளர் கஞ்சியின் மிச்சிலைத் திருவமுதாகக் கொண்ட வரலாற்றை ஓதிக்கொண்டே அப்பலகைகளின்கீழ் அமர்ந்து பருகியவருட் சைவரும் இருந்தனர். அது நிற்க.

சம்பந்தரும் உலாவைக் கண்டு ஒருரை கூறினார். யாமும் உள்ளத்தே பலவுரை கூறினேம். வேற்றுமை யாது? அவர் சொல் எம் சொல்லினும் கடியது. ஆகலின் கடுமையில் வேற்றுமை இல்லை. எமது சொல் எம்மை உயர்த்தி வைத்தற்குப் பிறந்து எம்முள்ளேயே ஒழிந்தது. அவர் சொல்லோ காணப்பட்டவரது கண்ணைத் திறந்தது. சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம், கண்ணுக்கு உயிர் காட்டுமாறுபோல உயிர்க்கு இறைவன் காட்டுகின்றான் என்று உணர்த்தும். காட்டும் உபகாரமேயன்றி உடனின்று காணும் உபகாரமும் அவனதே என்பர் ஆசிரியர். அது மெய்யாயின், பலகைமேலிருந்து யாம் கண்டதாக இறுமாந்த காட்சியும் எமதன்று. எமக்குக் காட்டப்பட்டது அது. எமக்கு உரியதாக எஞ்சியது வகுத்தல் ஒன்றே.

'குருவின் பார்வை எல்லார்க்கும் வாய்க்குமோ?' என்று ஓர் அன்பர் எம்மை மறுத்தனர். வாய்க்காது. ஆயினும் உமாபதியார் அன்று செய்ததும் கருதற்பாலது. அவர் இழிந்தார். தம் குழுவினரால் விலக்குண்டு கொற்றவன்குடியில் உறைந்தார். விழாக்கொடி ஏறாது நின்றபோது கொடிக்கவி பாடி ஏற்றினார் என்ப. 1313-இல் சங்கற்ப நிராகரணஞ் செய்தவர் அவரே. சாத்திரம் பதினான்கனுள் எட்டு அவர் அருளியன. இவையெல்லாம் சிவிகையினின்று தரைக்கு இறங்கிய அச்சிறு தொலைவிற்குப் பின்னர் வந்தன. எம் பலகைக்கும் வடத்திற்கும் இடையே அன்று பதினைந்தடி இருந்திருக்கலாம்.

சில்லறை எம்மிடம் இருந்தது, கொடுத்தோம். கடைக்காரர் இன்னொரு காப்பி வேண்டுமோ என்றார். மார்கழித் திருவாதிரைத் தேருக்கு மீண்டுஞ் செல்லக் கருதியுள்ளோம். காப்பி, தேர் நிலைக்கு வந்தபின் ஆகுக.