சிரிப்பும் ஓர் அஞ்சலி

இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது சிரிக்கலாமா? சிரிக்கலாம் என்பதே என் கட்சி.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஒரு தேநீர்க் கடையில், 1971-ஆம் ஆண்டுப் போரில் நின்ற முதியவர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அந்தப் பய, என் பங்குச் சப்பாத்தியையும் தின்னுட்டுல்லப்பா போய்ச் சேர்ந்தான்!" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

போரில் மாண்டவனின் பெயரையும் பெருமையையும் நடுகல்லில் பொறித்தார்கள் பழந்தமிழர். தில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலும் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வேண்டியதுதான். ஆனால் கல்லுக்குப் பெயர்தான் தெரியும், ஆளைத் தெரியாது. அவன் விட்ட குறட்டையும், கடன் வாங்கித் திருப்பித் தராத பீடியும் பக்கத்தில் படுத்திருந்தவனுக்குத்தானே தெரியும்?

வீரன் என்று வணங்கும்போது நாம் அவனைச் சற்று எட்ட நிறுத்திவிடுகிறோம். கேலி செய்கிற தோழனோ அவனை அருகில் உட்கார்த்திக் கொள்கிறான். மறந்துபோனவனை யாரும் கேலி செய்வதில்லை.

அந்தச் சிரிப்பு நமக்கு உரியதன்று. அதற்கான விலையை நாம் கொடுக்கவில்லை. அதைக் குறை சொல்லாதிருப்பதே நம்மால் முடிந்த மரியாதை.