பாக்கி இருக்கு... ஆனா, கேஸ் முடிஞ்சாச்சு!

உங்களுக்கு ஒரு கடன் இருக்கிறது. முழுசாகக் கட்டவில்லை. ஆனாலும், ‘கணக்கு முடிந்தது, நிம்மதியாகப் போங்கள்’ என்று ஒருவர் கடிதம் தருகிறார். வாங்கிக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

கண்டிப்பாக வாங்கிக்கொள்வீர்கள். ஆனால், கடிதம் தருகிறவர்தான் கடன் கொடுத்தவரா என்று பார்ப்பீர்களா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இப்படிப்பட்ட கடிதங்களை ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பழைய பெட்ரோல் பங்க்குகளுக்கு!

அந்தக் காலத்தில் அங்கே தெருவுக்குத் தெரு பங்க் வந்தபோது, வெறும் இரும்பு டாங்க்கைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இரும்பு என்ன செய்யும்? துருப்பிடிக்கும். ஊசித்துளை விழும். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் மண்ணில் இறங்கும். 1984-ல்தான் அமெரிக்க காங்கிரஸ் விழித்துக்கொண்டு சட்டம் போட்டது. அதன் பிறகு நாடு முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்ட கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

டாங்க்கை வெளியே எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மிச்சப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்து, உள்ளே உலர்பனியைப் போட்டு ஆவியை அடக்கி (ஒரு பொறி பட்டால் போச்சு!), அப்புறம்தான் தூக்குவார்கள். குழியின் அடிமண் லேபுக்குப் போகும். பென்சீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புற்றுநோய் தரக்கூடிய சமாசாரம் அது. இருந்தால், லாரி லாரியாக மண்ணை அள்ளுவார்கள். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, வருஷக்கணக்கில் தண்ணீரைச் சோதிப்பார்கள்.

அப்புறம் ஒரு நாள் கேஸை மூட வேண்டும். எப்போது? ‘மண் முழுசா சுத்தமான பிறகு’ என்றுதானே நினைக்கிறீர்கள்?

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2012-ல் அந்த மாநிலத்தின் நீர்வள வாரியம் ஒரு கொள்கை வகுத்தது. கசிவு நின்றிருக்க வேண்டும். நிலத்தடி நீரில் மிதக்கும் பெட்ரோலை முடிந்தவரை எடுத்திருக்க வேண்டும். அழுக்கு மேற்கொண்டு பரவக் கூடாது. உதாரணமாக, அது 100 அடிக்குள் அடங்கி, அதன் விளிம்பிலிருந்து 250 அடிக்குள் குடிநீர்க் கிணறு இல்லாமலிருந்து, இன்னும் சில நிபந்தனைகளும் பொருந்தினால், மீதி அப்படியே கிடக்கட்டும். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் மெள்ள மெள்ளத் தின்று தீர்க்கும். கேஸ் குளோஸ்!

என்னைப் போல பி.காம். படித்த ஆசாமிகளுக்கு இது அதிர்ச்சி தராது. வாராக்கடனை ரைட்-ஆஃப் செய்வது போலத்தான். பத்து ரூபாயை வசூலிக்க நூறு ரூபாய் செலவழிப்பானா புத்திசாலி? 1989-ல் கலிஃபோர்னியா ஒரு நிதி ஏற்படுத்தி, டாங்க் வைத்திருப்பவர்களிடம் காலனுக்கு இவ்வளவு என்று வசூலித்து, அதிலிருந்து சுத்தம் செய்யப் பணம் தருகிறது. ஆபத்தில்லாத குழியில் கொட்டிய டாலர், ஆபத்தான குழிக்குப் போகாது. நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால், தள்ளுபடி செய்கிற உரிமை கடன் கொடுத்தவருக்குத்தான் உண்டு. நான் உங்களிடம் வாங்கிய கடனை, என் பக்கத்து வீட்டுக்காரர் தள்ளுபடி செய்ய முடியுமா?

இங்கே கடன் கொடுத்தவர் யார்? முப்பது வருஷம் கழித்து அந்த மனைக்குப் பக்கத்தில் போர் போடப் போகிறவர். அங்கே எழும்பப்போகும் வீட்டின் தரையில் தவழப்போகும் குழந்தை. இவர்களுக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது? பாதிப் பேர் இன்னும் பிறக்கவே இல்லையே!

ஆக, வாரியம் இங்கே கடன்காரரும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை. மைனருக்கு கார்டியன் மாதிரி. நம் ஊர்ச் சட்டத்தில், இந்து மைனரின் வீட்டையோ நிலத்தையோ பெற்ற அப்பாவே கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. அப்பா கெட்டவர் என்பதால் அல்ல. நல்ல அப்பாவும் தப்புக்கணக்குப் போடலாம்.

போட்டும் இருக்கிறார்கள். 1995-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் பழைய கேஸ்களை அலசி, ‘பென்சீன் ரொம்ப தூரம் பரவுவதில்லை, இயற்கையே பார்த்துக்கொள்ளும்’ என்கிற மாதிரி அறிக்கை தந்தது. பென்சீனைப் பொறுத்தவரை சரியான கணக்கு. ஆனால், பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்று இன்னொன்றையும் கலந்திருந்தார்கள். புகையைக் குறைத்துக் காற்றைச் சுத்தமாக்க! அது தண்ணீரில் சுலபமாகக் கரையும், வேகமாக நகரும், பாக்டீரியாவுக்கு லேசில் மசியாது. 1996-ல் சான்டா மோனிகா நகரம் அதனாலேயே குடிநீர்க் கிணறுகளை மூடி, தன் தண்ணீரில் ஏறக்குறைய பாதியை இழந்தது.

இதற்காக எந்த கேஸையும் மூடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மூடிய ஃபைலை ஒளித்துவைக்காமல், ‘ஜியோடிராக்கர்’ என்ற அரசாங்க இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே வீடு வாங்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், கிச்சன் டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. கடிதம் தருவதற்கு முன், கண்காணிப்புக் கிணறுகளை முறைப்படி அடைத்துவிட வேண்டும். திறந்து கிடந்தால் அழுக்கு கீழே இறங்க அதுவே வழி, காரணம் புரிகிறது. மனைக்காரர் விரும்பினால் பராமரித்துக்கொள்ளலாம் என்று விதிவிலக்கும் உண்டு. யார் சார் விரும்புவார்கள்? கணக்கு தப்பானால் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

அந்தக் கொள்கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. மண்ணில் எவ்வளவு பென்சீன் மிச்சமிருக்கலாம் என்று குடியிருப்புக்கு ஓர் அளவு, கடை, தொழிற்சாலைக்கு ஓர் அளவு. பக்கத்திலேயே, பைப்பும் கேபிளும் புதைக்கப் பள்ளம் தோண்டும் தொழிலாளிக்கென்று தனியாக ஓர் அளவு. யாரோ ஓர் அதிகாரி, என்றோ ஒருநாள் அந்தக் குழிக்குள் இறங்கப்போகிற, பெயர் தெரியாத ஆளை நினைத்துப் பார்த்திருக்கிறார். கேட்டவுடன் மனசு கொஞ்சம் ஆறியது. மண்வெட்டியோடு இறங்குகிறவரிடம் யாராவது அந்த ஃபைலைக் காட்டுவார்களா?