நகராத சைக்கிளும் நம் ஊர்க் காற்றும்

சாணை பிடிப்பவர் தெருவுக்குள் வந்தால் முதலில் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துவார். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். சாணைக்கல்லுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். அரிவாள்மனையின் விளிம்பில் பொறி பறக்கும். சைக்கிள் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது. அவர் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருக்கும். நின்ற இடத்தில் மிதிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல.

இன்று அதையே உடற்பயிற்சிக்காகச் செய்ய நினைக்கிறவர்கள் ரோடு சைக்கிள் ஓட்டுகிற இளைஞர்கள். விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இரவும் பகலும் லாரிகள் ஓயாது. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை கொதிக்கிறது. எனவே வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஒரு கருவி வேண்டும். எதை வாங்குவது?

ரோலர் என்பது மூன்று உருளைகள். சைக்கிளை அதன்மேல் நிறுத்தி, விழாமல் ஓட்ட வேண்டும். அது சமநிலையைக் கற்றுத்தரும், மின்சாரம் கேட்காது. பின்சக்கரத்தின்மேல் உருளையை அழுத்தும் டிரெய்னர் விலை குறைவு. ஆனால் டயரைத் தின்னும். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் சத்தம் குறைவு, சக்தியை அளப்பதும் துல்லியம். கடைசியாக, முழு சைக்கிளாகவே வரும் ஸ்மார்ட் பைக். சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஏற்றி இறக்கி வீட்டில் பலரும் ஓட்டலாம். விலையும் எடையும் மிக அதிகம்; பழுதானால் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட முடியாது.

ரோடு சைக்கிள்காரருக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. சீட்டின் உயரம், கை எட்டும் தூரம், பெடலைத் தாங்கும் கிராங்க்கின் நீளம் எல்லாம் அவர் உடம்புக்குப் பழகிப்போனவை. கிராங்க் பெரும்பாலும் 165 முதல் 175 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதில் சில மில்லிமீட்டர் மாறினாலும் முழங்கால் அதை உணரும். ஆகவே சொந்த சைக்கிளையே மாட்டிக்கொள்ளும் டிரெய்னர் பலருக்குப் போதும். 2016 பிப்ரவரியில் பந்தயத்தில் கை முறிந்த ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன், வீட்டுக்குள் டிரெய்னரில் மிதித்தே கால்களைத் தயாராக வைத்திருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 10-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார்.

ஆனால் இந்தக் கருவிகள் பெரும்பாலும் பனிக்காலத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒதுங்கும் நாடுகளை மனதில் வைத்து உருவானவை. நாமோ வெயிலுக்கு அஞ்சி ஒதுங்குகிறோம். கணக்கு இங்கேதான் மாறுகிறது. மனித உடம்பு செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது, மீதி சூடாகிறது. 200 வாட் சக்தியில் மிதிப்பவரின் உடம்பு 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தைக் கக்குகிறது. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகக் காற்று இலவசமாக வந்து சூட்டைத் துடைத்துக்கொண்டு போகும். மூடிய அறையில் அந்தக் காற்று இல்லை.

விருதுநகர், சாத்தூரை உள்ளடக்கிய எங்கள் கரிசல் சீமையின் வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவியது. வறண்ட காற்று மருந்தைக் காயவைக்கும், வியர்வையையும் காயவைக்கும். கடலோரப் புழுக்கத்தைவிட இங்கே உடம்பு எளிதில் குளிரும், காற்று ஓடிக்கொண்டிருந்தால். அதனால் நெஞ்சுக்கு நேராக ஒரு நல்ல ஸ்டாண்டு ஃபேன், எதிரெதிரே திறந்த இரண்டு ஜன்னல்கள், விடியலுக்கு முந்தைய நேரம், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். கருவிக்கு முன்பே இவை அமைய வேண்டும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஸ்மார்ட் பைக்கும் நிற்கும், ஃபேனும் நிற்கும். அன்றைக்கு ஓய்வெடுப்பதே அறிவு.

கருவி ஊருக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கு அந்தத் தீப்பெட்டித் தொழிலே சாட்சி. 1920-களில் கல்கத்தா சென்று அதைக் கற்றுத் திரும்பிய இந்தச் சீமைக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஜெர்மன் இயந்திரங்களோடுதான் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அது கட்டுப்படியாகாமல் கைவேலைக்கு மாறிய பிறகே தொழில் இங்கே வேரூன்றியது. அந்த மாற்றத்தின் சுமை கூலிக் கைகள்மேல், குழந்தைகளின் பிஞ்சுக் கைகள்மேலும், விழுந்தது. தொழில் வேரூன்றியதையும் அதன் சுமையையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஊருக்கு ஒவ்வாத கருவி நிலைப்பதில்லை. கருவியை மட்டும் கணக்குப் பார்த்து உடம்பை மறந்தால், மறந்த கடனை உடம்பு கட்டுகிறது.

எல்லா ஊருக்கும் சிறந்த கருவி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஏதோ ஓர் ஊரின் காற்றை நம்பிச் செய்யப்பட்டது. தான் வாழும் இடத்தையும் தன் உடம்பையும் அறிந்தவனே சரியானதைத் தேர்ந்தெடுக்கிறான். அறியாதவனுக்கு விலைதான் வழிகாட்டி.

தம்பி, தங்கையரே, கடைக்குப் போகும் முன் நீங்கள் மிதிக்கப்போகும் அறையில் விடிகாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கவனியுங்கள். முதல் செலவை ஃபேனுக்குச் செய்யுங்கள். மிச்சப் பணத்துக்கு எது வருகிறதோ, அதுவே உங்களுக்குரிய டிரெய்னர்.