ஏலத்தில் தவறிய பொருளும் இழப்பென்னும் உணர்வும்

உடையதொன்று நம்மை விட்டு நீங்குமாயின் அதனை இழப்பென்கின்றோம். உடையதாகாத ஒன்று பிறர்பாற் செல்லுமாயின் அதனை என்னென்பது? உலகவழக்கில் அதனையும் இழப்பென்றே கூறுகின்றனர். கூறுவதோடு அமையாது, இழந்தார்க்குரிய துயரத்தையும் எய்துகின்றனர். இல்லாததை இழத்தல் எங்ஙனம் கூடும்? எளிதுபோலத் தோன்றும் இவ்வினா, ஆராயுங்கால் பற்றின் இயல்பை விளக்கவல்லதாதலின், ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வாம். மேனாட்டார் அரிய பழைய பந்தய மோட்டார் வண்டிகளை ஏலமிடும் வழக்கத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அவை எண்ணிற் சிலவாய்ப் பெருஞ்செல்வர்க்கும் பெறற்கரியனவாய் இருத்தலின், விருப்பத்தின் இயல்பு அவற்றின்கண் நன்கு வெளிப்படக் காண்கின்றோம்.

1955-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியார், 300 எஸ்.எல்.ஆர். என்னும் தம் பந்தய வண்டியின் அமைப்பைக் கொண்டு, கூரை மூடிய வண்டிகள் இரண்டு செய்தனர். ருடால்ஃப் ஊலன்ஹௌட் என்னும் பொறிவல்லுநர் பெயரால் அவை வழங்குகின்றன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் நேர்ந்த பெருவிபத்தில் எண்பதின் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டிறுதியில் கம்பெனியாரும் பந்தயத்தினின்றும் விலகினர். ஆகவே அவ்விரு வண்டிகளும் ஒரு பந்தயத்தினும் ஓடினவல்ல. ஊலன்ஹௌட் அவற்றுளொன்றைத் தம் போக்குவரவிற்குப் பயன்படுத்தினர். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், ஸ்டுட்கார்ட் நகரில் அக்கம்பெனியாரது பொருட்காட்சிச்சாலையில், அழைக்கப்பெற்றார் சிலர்க்கே உரியதாய் நிகழ்ந்த ஏலத்தில், அவற்றுள் ஒன்று 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அதற்குமுன் ஏலத்தில் மோட்டார் வண்டியொன்று பெற்ற மிகவுயர்ந்த விலை, 2018-ல் அமெரிக்காவில் ஃபெராரி 250 ஜீ.டி.ஓ. என்னும் வண்டிக்குக் கிடைத்த 4 கோடியே 84 இலட்சம் டாலரேயாம்.

ஏலமென்பது ஒருவர் பெறப் பலர் பெறாதொழியும் செயல். ஈற்றுவரை நின்று கேட்டு, கொட்டாப்புளி வீழ்ந்த அக்கணத்திலே வெறுங்கையராய் மீள்வாரது துயரமே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

தருக்க நூலார் இன்மையை முன்னின்மை, அழிவுபாட்டின்மை, ஒன்றினொன்றின்மை, என்றுமின்மை என நால்வகைப்படுத்தனர். அவற்றுள் முதலிரண்டுமே ஈண்டைக்கு வேண்டுவன. குடம் வனையப்படுமுன் இல்லாமை முன்னின்மை. வனைந்த குடம் உடைந்தபின் இல்லாமை அழிவுபாட்டின்மை. சற்காரியங் கொள்வார் இவ்வெடுத்துக்காட்டை வேறுவகையான் விளக்குவரேனும், இரண்டற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தற்கு இஃது அமையும். அழிவுபாட்டின்மைக்கு இடையிலோர் உண்மை இன்றியமையாதது. ஏலத்தில் தவறியவனுக்கு அவ்வண்டி முன்னும் உடைமையன்று, பின்னும் உடைமையன்று, இடையிலும் உடைமையாயிற்றில்லை. முன்னிருந்த இன்மையே பின்னும் தொடர்ந்தது. அங்ஙனமாகவும் அவன் அதனை அழிவுபாட்டின்மையாகக் கொண்டு வருந்துகின்றான். ஓர் இன்மையை மற்றோர் இன்மையாகப் பிறழவுணர்தலே இத்துயரின் வேரென்க.

அற்றன்று, துயரம் அவனுள்ளத்து மெய்யாகவே நிகழ்கின்றதாகலின் அதனைப் பிறழ்வென்றல் பொருந்தாது எனின், கூறுதும். கயிற்றைப் பாம்பென்று அஞ்சினான் நடுக்கம் மெய்யே, பாம்பு மெய்யன்று. அதுபோலத் துயரத்தை யாம் மறுத்தேமல்லேம். துயரத்திற்குப் பொருளாக அவன் கருதிய இழப்பையே மறுத்தனம். அற்றேல் அக்கருத்து எங்ஙனம் தோன்றிற்று? ஏலத்தில் ஒருவன் கேட்ட விலை மேல்நிற்கும்பொழுது, மற்றொருவர் அதனினும் மிகுதி கேட்குமளவும், அவ்வண்டி அவன் உள்ளத்து அவனதாகிவிடுகின்றது. தன் கொட்டிலில் அது நிற்றலையும், தான் அதனைச் செலுத்துதலையும் அவன் முன்னரே கண்டுவிடுகின்றான். 1990-ஆம் ஆண்டில் கானமன், நெட்ச், தேலர் என்னும் அறிஞர் மூவர் வெளியிட்ட சோதனையொன்று இதற்குச் சான்றாகும். மாணாக்கருள் ஒருசாரார்க்குக் குவளைகள் கொடுத்து, அவர் விற்க விரும்பும் விலையையும், குவளை பெறாதார் வாங்க விரும்பும் விலையையும் கேட்டனர். விற்பார் விரும்பிய விலை வாங்குவார் விரும்பியதனினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. சற்றுமுன் வந்த சிறு குவளையின்மேலே 'எனது' என்னும் உணர்வு இத்துணை விரைவில் ஏறுமாயின், நெடுநாள் நினைந்து விரும்பிய வண்டியின்மேல் அது கைப்படுமுன்னரே ஏறுதல் வியப்பன்று.

இனி, தவறியவன் உள்ளத்தை மிகவும் வருத்துவது, 'இன்னும் ஒருபடி ஏறிக் கேட்டிருப்பின் பெற்றிருப்பேன்' என்னும் எண்ணமாகும். இவ்வனுமானம் போலியென்பது ஏலத்தின் இயல்பை நோக்கின் விளங்கும். வெளிப்படையாக ஏறிச்செல்லும் ஏலத்தில், இரண்டாமவன் நிற்குமிடத்தே விலையும் நின்றுவிடுகின்றது. ஆதலால் தோற்றவன் எல்லையை அவையோர் அனைவரும் அறிவர். வென்றவன் எல்லையை அவனையன்றி ஒருவரும் அறியார். அவன் இன்னும் ஒருபடி ஏறுவனோ, நூறுபடி ஏறுவனோ? அறியப்படாத எல்லையை ஒருபடியென்று துணிதற்கு ஏது யாது? ஒன்றுமில்லை. வென்றான் கொடுக்கும் விலையைத் தோற்றானே வகுக்கின்றான் என்னும் இவ்வுண்மையை 1961-ஆம் ஆண்டில் வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் முறைப்பட விளக்கினர். அவர்க்கு 1996-ல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இத்தகைய ஏலத்தில், தனக்கு அப்பொருள் எவ்வளவு பெறுமோ அவ்வளவிற் சென்று நிற்றலே தக்க நெறியென்பதும் அவர் ஆராய்ச்சியாற் போதரும். ஆகவே தன் எல்லையில் நின்றவன் பிழைத்தானல்லன்.

துயரத்திற்குக் காரணம் அப்பொருளின் அருமையேயாகாதோ எனின், ஆகாது, என்னை? உடன்பாட்டானும் எதிர்மறையானும் அது நிலைபெறாமையின். மேற்கூறிய ஃபெராரி 250 ஜீ.டி.ஓ. வண்டிகள் 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டன. அவற்றின் தொகை 36 என்பர். 1960-களின் இறுதியில் அவை பழகிப்போன பந்தய வண்டிகளாகச் சில ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டன. அன்றும் அவை முப்பத்தாறே. இன்றும் முப்பத்தாறின் மேற்பட்டில. வடிவும் விரைவும் அவையே. அருமை அன்றும் உண்டு. ஆயின் அன்று ஒன்று தவறியமைக்கு எவரும் இவ்வாறு துயருற்றிலர். காரணம் உளதாகவும் காரியம் இலதாயின் அது காரணமன்றென்பது தெளிவு. பின்னர் வந்து கூடியது பிறரது விருப்பமே. பலர் விரும்புதல் கண்டு தானும் மிகவிரும்பி, அவ்விருப்பத்தைப் பொருளின் குணமாக ஏற்றியுரைத்தல் உலகியல்பு.

இதனைக் கேட்டோர் செல்வர் துயரம் நகைக்கத்தக்கதென்று நீங்கிவிடுதல் கூடும். அரியதோர் ஏட்டுச்சுவடி விற்பனைக்கு வந்து, தமக்குக் கிட்டாது பிறர்பாற் செல்லுமாயின், கற்றார்க்கும் உறக்கம் வாராது. ஆண்டும் அவர் தம்மை வினவிக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு: 'யாம் விரும்பியது சுவடியின் பொருளையோ, சுவடி எம்முடையதாதலையோ?' பொருளையாயின், படியெடுத்தும் கற்கலாம். உடைமையையாயின், அது முன்னரும் நம்மதன்று.

இவ்வினாவை அவ்வண்டியின்கண்ணும் வைத்துக் காண்க. அதன் செய்திறனும் வடிவழகும் ஒருவர் வாங்கியதனாற் குறைந்தில. இரண்டனுள் மற்றொன்று கம்பெனியாரிடமே நிலைபெற்றது. விற்கப்பட்டதனையும் சிறப்புக்காலங்களில் யாவருங் காண வைத்தற்கு வாங்கினார் இசைந்தனர். ஏலத்தால் வந்த பொருளும் மாணாக்கர்க்கு உதவிப்பணம் வழங்கும் நிதிக்கு உரிமையாக்கப்பட்டது. விலையை அவ்வளவுயரச் செய்தவருள் தோற்றாரும் ஒருவராதலின், அவர் அறியாமலே அந்நன்மைக்குத் துணையாயினர். நீங்கியது யாதெனின், சில நொடி தோன்றி நின்ற 'எனது' என்னும் உணர்வொன்றே.

இனி, துயரத்தை மாற்றவேண்டி, 'எட்டாத பழம் புளிக்கும்' என்பதுபோலப் பொருளை இகழ்தலும் தகாது. விரும்பியபொழுது இல்லாத குணத்தை ஏற்றினான், கிட்டாதபொழுது உள்ள குணத்தை மறுக்கின்றான், இரண்டும் பொய்யே. பொருள் நன்று, அது பிறர்பாலது, அதன் நன்மை அதனாற் குன்றாது என்று மூன்றனையும் ஒருங்கே உணரவல்லான் எவனோ, அவனே ஏலத்தில் தோற்றும் ஒன்றும் இழவாதவன். உடைமையாகாத ஒன்றை இத்தெளிவோடு பிறர்பாற் செல்லவிடக் கற்றவனுக்கு, உடையதனை விடவேண்டுங் காலத்தும் உள்ளம் அவ்வளவு கலங்காதென்பது பெற்றாம்.