மறதிக்கு மாத்திரைதான் காரணமா?

டுவேன் கிரேவ்லைன் ஒரு மருத்துவர். 1965-இல் நாசா விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்த அறிவியலாளர்களில் ஒருவர். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாடின் மாத்திரையைத் தொடங்கி ஆறு வாரத்தில், 1999-இல், சில மணி நேரம் அவருக்குத் தன் மனைவியையே அடையாளம் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தினார். மறு ஆண்டு பாதி அளவில் திரும்பத் தொடங்கியபோது மறதி மீண்டும் வந்தது. படித்த மருத்துவமும் பெற்ற பிள்ளைகளும் நினைவில் இல்லை. பள்ளிப் பருவம் மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு சரியாகிவிட்டது. இதைப் பற்றி அவர் புத்தகமே எழுதினார். பாதி அளவிலும் அது திரும்பி வந்ததே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இதயத்தில் பைபாஸ் அறுவை முடிந்து, இதே ஸ்டாடின் மாத்திரையுடன் வீடு திரும்பியவர் பேச்சின் நடுவே தெரிந்த பெயருக்குத் தடுமாறினால், வீட்டார் சந்தேகப்படுவது மாத்திரையைத்தான். அறுவை முடிந்துபோனது, மாத்திரை தினமும் கண்ணில் படுகிறது. ஆனால் டியூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட 261 பேரை ஆராய்ந்து 2001-இல் வெளியான முடிவுகளின்படி, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே 53 சதவீதத்தினருக்கு நினைவாற்றலிலும் கவனத்திலும் சரிவு இருந்தது. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாகக் குறைந்து, ஐந்தாண்டில் 42 சதவீதமாக ஏறியது. அப்படியானால் குற்றவாளி, அறுவையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரமா? அந்த இயந்திரம் இல்லாமல் பைபாஸ் செய்தவர்களையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. அறுவையே செய்துகொள்ளாத இதய நோயாளிகளிடமும் இதே போன்ற சரிவை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். இதயத்தின் குழாய்களை அடைத்த நோய் மூளையின் குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா?

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில் உடலின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கிறது. அதைக் குறைத்தால் மூளை தாங்குமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைவதில்லை. தனக்கு வேண்டியதை மூளையே தயாரித்துக்கொள்கிறது. 70 முதல் 82 வயதுள்ள 5,804 பேரிடம் நடந்த புராஸ்பர் ஆய்விலும், பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த ஆய்விலும் ஸ்டாடின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை.

சராசரிக் கணக்கில் தனி மனிதர் காணாமல் போகிறார் என்று ஒருவர் மறுக்கலாம். அதை என்னால் ஒதுக்க முடியவில்லை. மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் மறதி சிலருக்கு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2012-இல் ஸ்டாடின் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தது. அதே சமயம், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எந்த மாத்திரையும் இல்லாமலே இப்படித் திடீர் மறதி வந்து ஒரு நாளுக்குள் நீங்குவதும் உண்டு. கிரேவ்லைனுக்கு அப்போது 68 வயது. அவருக்கு நேர்ந்தது எது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஆனால் பைபாஸ் செய்தவர் தானாகவே ஸ்டாடினை நிறுத்தினால், வைத்த புதுக் குழாயும் அடைபடும் ஆபத்து கூடும் என்பதில் சந்தேகமில்லை. மறதி தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்திப் பார்ப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.